முன்பின் தெரியாதவர்களோடு அவலாஞ்சிக்கு

அவலாஞ்சிக்குப் போவதென்றால் தெரியாதவர்களோடுதான் போக வேண்டும். அங்கே போய்வந்த நாள் முதல் பார்ப்பவரிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஊட்டியிலிருந்து 28 கிலோமீட்டர். முத்தொரை பாலாடாவின் கேரட் தோட்டங்களையும் எமரால்டையும் தாண்டியபின், காட்டுக்குள் போக, முன்பின் தெரியாதவர்களை ஒன்றாக ஏற்றிச் செல்லும் வனத்துறை வண்டிதான். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரோ, அவருக்குக் கோடிக் கும்பிடு!

கைப்பேசியில் சிக்னல் போனது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஜனவரிக் குளிர். ஓட்டுநர் ஒரு சோலையோரம் எஞ்சினை அணைத்து, "பேசாம கேளுங்க" என்றார். உள்ளிருந்து நீலகிரிச் சிரிப்பான்கள் கூட்டமாகக் கெக்கலித்தன. ஒரு குழந்தை பதிலுக்குச் சிரிக்க, பறவைகள் மறுபடி சிரிக்க, வண்டியே குலுங்கியது. சிவப்பாகப் பூத்து நின்ற ரோடோடென்ட்ரான் மரத்தைக் காட்ட, பெயரறியாத ஒருவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அந்த உரிமை எவ்வளவு பிடித்திருந்தது!

அவலாஞ்சி ஏரி தெரிந்தபோது ஓட்டுநர் மழையைப் பற்றிச் சொன்னார். 2019 ஆகஸ்டில் இங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஒரு வருடம் பெய்வதில் பாதிக்கும் அதிகம். புல்வெளியும் சோலையும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஓடைகளில் விடுகின்றன. அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் சேரும் தண்ணீர் குந்தா மின்நிலையங்களை இயக்கி, பில்லூர் அணைக்கு இறங்குகிறது. அங்கிருந்து கோவைக்குக் குடிநீர்.

என் பக்கத்தில் இருந்த கோயம்புத்தூர்ப் பாட்டி எழுந்தே விட்டார். "அட சாமி, எங்கூட்டுக் கொழாய்ல வர்ற தண்ணியா இது!" ஏரியைப் பார்த்துக் கைகூப்பினார். ஒருவர் சொல்லாமலே வண்டியில் எல்லாக் கைகளும் குவிந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தினமும் குழாயைத் திறந்து குடம் நிரப்பிய ஒரு மனுஷி, அந்தத் தண்ணீரின் பிறந்த வீட்டை முதன்முதலாகப் பார்க்கிறார். பக்கத்தில் நான் இருக்கிறேன். எத்தனை பெரிய கொடுப்பினை!

இறங்கியதும், "கோயம்புத்தூர் வந்தா ஊட்டுக்கு வா கண்ணு, வராம இருந்துறாத" என்றார். கட்டாயம் போவேன்.

நீங்களும் போங்கள். திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, வார நாளில், காலையிலேயே. வண்டி நிறையட்டும் என்று காக்கவைத்தால் சந்தோஷமாகக் காத்திருங்கள். நிறைந்த வண்டிதான் வேண்டும்!