நம்பாமல் கெட்ட தவசி

"நான் மீட்புப் பெறுவேனா?" இவ்வினாவை ஒருமுறையேனும் எழுப்பாத கிறிஸ்தவ உள்ளம் அரிது. நோயில் பூசுதல் வழங்கச் செல்லும் குருக்கள் இதனை அடிக்கடி செவிமடுக்கின்றனர். வாழ்நாளெல்லாம் செபமாலையைக் கைவிடாத முதியோரும் இதனை அச்சத்தோடு கேட்பதுண்டு.

இவ்வினாவையே கருவாகக் கொண்ட நாடகம் ஒன்று 1635இல் ஸ்பெயினில் அச்சேறியது. 'நம்பாமையால் தண்டிக்கப்பட்டவன்' என அதன் பெயரைத் தமிழில் கூறலாம். சிறைப்பட்டோரை விலை கொடுத்து மீட்கும் பணிக்கென நிறுவப்பட்ட மெர்சேது சபையின் துறவி கபிரியேல் தெல்லேஸ், தீர்சோ தெ மொலினா என்னும் புனைபெயரில் வெளியிட்ட தொகுதியில் அது இடம்பெற்றது. ஆசிரியர் அவர்தாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாடகத்தின் இறையியல் கூர்மையை மறுப்பார் இலர்.

பத்து ஆண்டுகள் காட்டில் தவமியற்றிய பவுலோ, தான் தண்டனைத் தீர்ப்புப் பெறுவதாகக் கனவு காண்கிறான். தன் முடிவை வெளிப்படுத்துமாறு இறைவனை வற்புறுத்துகிறான். அலகை வானதூதர் வடிவில் தோன்றி, "நேப்பிள்ஸ் நகரின் என்ரிக்கோவுக்கு நேரும் முடிவே உனக்கும்" என்கிறது. சென்று பார்த்தால், என்ரிக்கோ கொலைபாதகன்! "எனக்கு நரகமே உறுதி" என முடிவு கட்டிய பவுலோ, தவக்கோலம் களைந்து கொள்ளையனாகிறான். என்ரிக்கோவோ முடமான தன் முதிய தந்தையைப் பேணிக் காக்கிறான். இறைவன் இரங்குவார் என்னும் எண்ணத்தை ஒருநாளும் விடவில்லை. இறுதியில் தந்தையின் சொல்லுக்கு இணங்கிப் பாவங்களை அறிக்கையிட்டு, தூக்குமேடையில் நல்மரணம் அடைகிறான். அச்செய்தியைக் கேட்டும் நம்ப மறுத்த பவுலோ அழிகிறான்.

இந்நாடகத்தின் பின்னணியில் பெரும் விவாதம் ஒன்று உண்டு. இறையருளின் ஆற்றலுக்கும் மனிதரின் விடுதலை மனத்துக்கும் உள்ள உறவு யாது? இயேசு சபையின் லூயிஸ் தெ மொலினா 1588இல் இதுபற்றி எழுதிய நூலைச் சாமிநாதர் சபையின் பாஞேஸ் எதிர்த்தார். நெடிய ஆய்வுக்குப்பின், 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எத்தரப்பையும் கண்டிக்காது வழக்கை முடித்துவைத்தார். மறைபொருளை மறைபொருளாகவே விட்ட அந்த அடக்கம் பவுலோவிடம் இல்லை.

தனிப்பட்ட இறைவெளிப்பாடின்றித் தாம் முன்குறிக்கப்பட்டோருள் ஒருவர் என எவரும் ஐயமற அறிய இயலாது எனத் திரிதெந்துச் சங்கம் 1547இல் கற்பித்தது. இறைவனின் துணைமீது உறுதியான நம்பிக்கை வைக்குமாறும் பணித்தது. இவ்விரண்டையும் பிரித்தால் முதலாவது கொடுமையாகிவிடும். சிலரை வாழ்வுக்கும் சிலரை அழிவுக்கும் இறைவன் முன்குறித்தார் எனக் கற்பித்த கால்வினும், அத்தீர்மானத்தைத் துருவி ஆராயாமல் கிறிஸ்துவையே நோக்குமாறு அறிவுறுத்தினார் என்பதை நாம் நேர்மையோடு ஏற்க வேண்டும். பவுலோ நோக்கியது கிறிஸ்துவை அன்று. இன்னொரு பாவியின் கணக்கேட்டை.

நாடகத்தில் ஒரு குறையும் உண்டு. என்ரிக்கோவால் மாண்டோரின் உற்றார் உறவினரின் கண்ணீருக்கு மேடையில் இடமில்லை. அறிக்கையிட்டதும் அனைத்தும் தீர்ந்தது என்னும் தோற்றம் எழுகிறது. மன்னிப்பு ஈடுசெய்தலை நீக்கிவிடாது என நம் திருச்சபை கற்பிக்கிறதன்றோ? இறுதி வேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்போருக்கும் இது இடமளித்துவிடலாம். அத்தகையோருக்கான மறுமொழி இதே ஆசிரியர் பெயரால் வழங்கும் 'செவில்லின் ஏமாற்றுக்காரன்' நாடகத்தில் உள்ளது. அதில் மனமாற்றத்தைத் தள்ளிப்போட்ட தோன் குவான் காலம் கடந்து அழிகிறான்.

துணிச்சலும் அவநம்பிக்கையும் ஒரே நோயின் இரு முகங்கள். தோன் குவான் தன் முடிவைத் தன் கையில் உள்ளதாகக் கருதினான்; பவுலோ அதனைத் தன் கையில் தருமாறு கேட்டான். இருவருமே தந்தையின் கையில் அதனை விட்டுவைக்கவில்லை. தவம் பவுலோவைக் கெடுக்கவில்லை; தவத்தைப் பிணைப்பத்திரமாக எண்ணியதே கெடுத்தது. அலகையின் சொல்கூட அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. என்ரிக்கோவும் இரக்கம் பெறக்கூடும் என அவன் நம்பியிருந்தால், அச்சொல்லே நற்செய்தியாகியிருக்கும்!

எனவே, அன்புக்குரிய வாசகர்களே, பிறருடைய முடிவைக் கணிப்பதை விடுவோம். நம் முடிவைப் பற்றி அஞ்சும் வேளையில் உறுதிச்சீட்டைத் தேடாமல், திருச்சிலுவையை நோக்குவோம். மீட்பை நமக்கு உரிமையாக்குவது முன்னறிவு அன்று, பிள்ளைக்குரிய நம்பிக்கையே.