மலையேறும் சுமை, மலையிறங்கும் சுமை

போடிநாயக்கனூரிலிருந்து கேரள எல்லையிலுள்ள போடிமெட்டுக்குப் போகும் லாரி, முந்தலைத் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் திரும்பி, ஊரைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சரக்கோடு 16 டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 12 லிட்டர் டீசல் பிடிக்கும். டயர் உராய்வுக்கு ஆவது தனி. அதே வண்டி சரக்கில்லாமல் 6 டன் எடையோடு ஏறினால் 5 லிட்டரில் முடிந்துவிடும். சமவெளியில் லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் கொடுக்கும் லாரி இங்கே இரண்டு கொடுத்தாலே பெரிது. மலைப்பாதையில் தூரத்தைவிட, சரக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே டீசல் கணக்கை மாற்றுகிறது.

போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலமலையும் இலங்கை மலையகமும் இதில்தான் வேறுபடுகின்றன. ஏலமலைக்கு அரிசி, சிமெண்ட், உரம் எல்லாம் கீழிருந்து ஏறுகின்றன. சிலமலை போன்ற அடிவார ஊர்களின் தோட்டத் தொழிலாளர்கூடக் காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் இறங்குகிறவர்கள்தாம். போடியின் ஏல மையத்துக்கு இறங்கி வருவதோ காய்ந்த ஏலக்காய்: எடை குறைவு, விலை அதிகம், மாதக்கணக்கில் கெடாது. டீசல் விலை கூடினால் ஏலக்காயில் தெரியாது. மேலே வீடு கட்டுகிறவர் வாங்கும் சிமெண்ட் மூட்டையில் தெரியும்.

1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நிலைமை தலைகீழ். கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்), உருளைக்கிழங்கு ஏற்றிய லொறிகள் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் இறங்குகின்றன. தேயிலையும் கொழும்பு ஏலத்துக்கே போகிறது. வழியிலுள்ள றம்பொடை, கடுகண்ணாவை இறக்கங்களில் பாரத்தோடு இறங்கும் லொறிக்கு டீசல் மிஞ்சும், பிரேக் தேயும். ஆனால் மரக்கறி காத்திருக்காது. 2021 டிசம்பரில் லிட்டர் 121 ரூபாயாக இருந்த டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ஆனது. பின்னர் வந்த கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறையில் லொறிக்கு முதலில் கிடைத்தது வாரம் 50 லிட்டர். ஏலக்காய் என்றால் மூட்டையிலேயே கிடந்திருக்கும். கோவாவை அப்படிப் போட்டுவைக்க முடியாது.

இந்தியாவில் டீசல் விலையை நாள்தோறும் மாற்றியமைக்கும் முறை 2017 ஜூன் 16 அன்று வந்தது. மாநில வரியும் வேறு வேறு. கேரளா 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரி விதித்ததால் அங்கே டீசல் இன்னும் விலை கூடியது. போடியிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறுவது லாபம். 200 லிட்டர் டீசலின் எடை 170 கிலோதான். அதைத் தூக்கக் கால் லிட்டர்கூட ஆகாது. இலங்கை லொறிக்கு இப்படி எல்லை தாண்டி மிச்சம் பிடிக்க வழியில்லை.

இறக்கத்தில் இரு நாட்டு ஓட்டுநர்களுக்கும் பாடம் ஒன்றே: ஏறிய கியரிலேயே இறங்குவது. ஆனாலும் நியூட்ரலில் விட்டால் டீசல் மிஞ்சும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய பம்பு எஞ்சினிலேயே அதில் பெரிய லாபம் இருந்ததில்லை. இப்போதைய மின்னணு எஞ்சினிலோ, கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் தெளிப்பே நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும். வண்டியின் பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும். நாலைந்து வளைவுக்குள் லைனிங் கருகும் வாடை கேபினுக்குள் ஏறிவிடும்.