தொகுப்பு முறையும் மறைநூற் பொருளும்

கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் தோட்டத்துக் கோயில்களில் தேவாரம் ஒலிக்கிறது. நகரத்துத் தேவாலயங்களில் தமிழ் விவிலியம் வாசிக்கப்படுகிறது. இரண்டையும் பயில்வோர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர்: சொன்னவர் வேறு, தொகுத்தவர் வேறு.

புதிய ஏற்பாட்டில் நற்செய்திகள் முன்னும் பவுலின் திருமுகங்கள் பின்னும் நிற்கின்றன. ஆயினும் அத்திருமுகங்களுட் பல, காலத்தால் முந்தியவை என்பர் ஆய்வாளர். இன்றுள்ள 27 நூல்களையும் அவ்வாறே வரையறுக்கும் பட்டியல், கி.பி. 367இல் அத்தனாசியார் விடுத்த மடலில்தான் முதன்முதலாகக் காணப்படுகிறது. இயேசுவின் பிறப்பை மத்தேயுவும் லூக்காவும் கூற, மாற்கு கூறவில்லை. மூன்றையும் ஒரே கதையாகக் குழைத்துவிட்டால் ஒவ்வொருவரின் நோக்கமும் மறைந்துபோகும்.

திருமுறையின் நிலையும் இத்தகையதே. அப்பர் மூத்தவர், சம்பந்தர் இளையவர். நம்பியாண்டார் நம்பி வகுத்ததாகக் கூறப்படும் அடைவிலோ முதல் மூன்று திருமுறைகள் சம்பந்தருடையவை. அடுத்த மூன்றே அப்பருடையவை. வரிசையைக் காலமெனக் கொள்ளும் மாணவன் மூத்தவரை இளையவரின் வழிவந்தவராக எண்ணிவிடுவான். பண்முறைப் பதிப்பில் இசை முன்னிற்கும். தலமுறைப் பதிப்பில் ஊர் முன்னிற்கும். பதிகம் ஒன்றே, பார்வை வேறாகிறது.

இவ்வாராய்ச்சி பக்தியைக் குலைக்கும் என அஞ்சுவோர் உளர். உண்மையில், தொகுத்தவரின் வரிசையைப் பாடியவரின் கருத்தாகக் கொள்வதே மூலத்துக்கு இழைக்கும் தீங்கு. கெடாவின் தமிழ்ப்பள்ளிகளில் இரு சமயப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஓரடியைப் பறித்தெடுத்து வழக்காடுமுன், யார், யாருக்கு, எப்போது சொன்னார், யார் அதை அங்கே வைத்தார் என்று வினவ அவர்களைப் பழக்குதல் தமிழாசிரியர் கடனாகும்.