கழித்தல் குறிக்கு ஓர் எண்

கணினி விசைப்பலகையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுகோடு உண்மையான கழித்தல் குறி அல்ல. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி நியமம் 1963இல் வந்தபோது அதில் மொத்தம் 128 இடங்கள்தான். அதனால் சொற்களை இணைக்கும் கோட்டுக்கும் எண்களைக் கழிக்கும் கோட்டுக்கும் சேர்த்து 45 என்ற ஒரே எண்ணை ஒதுக்கினார்கள். இடப்பற்றாக்குறை இல்லாத யூனிகோடு, கழித்தலுக்கென்றே 8722 என்ற தனி எண்ணைத் தந்தது. அதற்கு முந்தைய 8721, கூட்டுத்தொகைக் குறிக்கு உரியது. உருவத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்த்து எண் தருவது என்ற இந்தக் கொள்கை சரியானது என்றே கருதுகிறேன்.

2001இல் யூனிகோடு 3.1 பதிப்பு, கணிதத்துக்கான தடித்த, சாய்ந்த, சுருள் எழுத்துகள் என ஏறத்தாழ ஆயிரம் குறிகளைச் சேர்த்தது. தடிப்பும் சாய்வும் எழுத்துருவின் வேலைதானே என்று கேட்கலாம். கதை எழுதுகிறவருக்கு அது பொருந்தும், இயற்பியலாளருக்குப் பொருந்தாது. மின்காந்த ஆற்றலுக்கான சூத்திரத்தில் சுருள் ‘ஹெச்’ ஹாமில்டனியன் என்னும் ஆற்றல் அளவையும் சாதாரண ‘ஹெச்’ காந்தப்புலத்தையும் சுட்டும். வடிவ வேறுபாடு அழிந்தால் இரண்டும் ஒன்றாகி, சூத்திரம் வேறொரு சமன்பாடாகிவிடும். கணிதத்தில் எழுத்தின் வடிவமே பொருள்.

ஆனால் யூனிகோடு தன் கொள்கையை எங்கும் ஒரே மாதிரி பின்பற்றவில்லை. கூட்டுத்தொகைக் குறியைக் கிரேக்க சிக்மாவிலிருந்து பிரித்தார்கள். வட்டத்தின் ‘பை’ மட்டும் கிரேக்க எழுத்தின் 960லேயே இருக்கிறது. ‘மைக்ரோ’ குறியின் கதை இன்னும் சிக்கலானது. பழைய லத்தீன்-1 நியமத்தில் அதற்கு 181 என்ற எண் இருந்ததால் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். கிரேக்க ‘மியூ’வுக்கோ 956. பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

இதன் விளைவு சிறியதல்ல. மைக்ரோகிராமின் சுருக்கக் குறியை, ஒரு மென்பொருள் தலைப்புக்காகப் பெரிய எழுத்தாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு விதிப்படி 181, கிரேக்கப் பெரிய ‘மியூ’வாக, அதாவது 924ஆக மாறும். அது பார்வைக்கு ஆங்கில ‘எம்’மேதான். ‘எம்ஜி’ என்று படிப்பவருக்கு மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு! மென்பொருள் விதியை மீறவில்லை. விதியைப் பின்பற்றியதால்தான் இது நேர்கிறது.

தேடலை எளிதாக்க யூனிகோடு வகுத்திருக்கும் இயல்பாக்க முறைகளில் ஒன்றும் இப்படித்தான் தடுமாறுகிறது. 10² என்று எழுதியதை அது 102 ஆக்கிவிடும். மேலே சொன்ன சுருள் ‘ஹெச்’சையும் சாதாரண ‘ஹெச்’சாகவே மாற்றிவிடும். ஒரு கையால் கொடுத்த பொருளை மறு கையால் பறிப்பது இது.

கருவிகளும் யூனிகோடுக்கு ஈடுகொடுத்து நடக்கவில்லை. பைத்தான் நிரலில் 8722ஐ ஒட்டினால் பிழை என்று நின்றுவிடும். அங்கே கழித்தல் இன்றும் 45தான். எழுத்துருக்களின் நிலையும் இதுவே. 1/320ஐக் குறிக்கும் நம் முந்திரி உள்ளிட்ட பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு 12 பதிப்பில் இடம்பெற்றன. எழுத்துரு நிறுவப்படாத கருவியில் அவை வெறும் கட்டங்களாகத்தான் தெரிகின்றன.

ஒருமுறை குறியேற்றிய எழுத்தை நீக்குவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. பழைய ஆவணங்கள் அழியாமலிருக்க அது தேவை. அதனால் இரட்டைப் பதிவுகளும் நிலைத்துவிட்டன. திருத்தம் வேறிடத்திலிருந்துதான் வர வேண்டும். நிரலாளர்கள் அலகுகளைப் பெரிய எழுத்தாக மாற்றும் விதியிலிருந்து விலக்க வேண்டும். கணித உரையை இயல்பாக்கும் முன் மூலத்தைத் தனியே காக்க வேண்டும். பாடநூல் அச்சிடுவோர் உண்மையான கழித்தல் குறியையே இட வேண்டும். மருந்துச் சீட்டில் மட்டும் எந்தக் குறியையும் நம்பாமல், ‘மைக்ரோகிராம்’ என்று முழுதாக எழுதுங்கள்.