வென்றவர் கல்லும் தோற்றவர் சொல்லும்

புகழ் பாடுதல் ஒரு தனிக்கலை. புலவன் சொல்லால் செய்வதைச் சிற்பி கல்லால் செய்கிறான். சொல்லில் அமைந்த புகழ்ச்சியை ஆராயப் புகும்போது, பாட்டுடைத் தலைவன் யார், பாடச் செய்தவர் யார், பாடப்பட்டது எந்த அளவிற்கு உண்மை என்னும் மூன்று வினாக்களை நாம் எழுப்புகிறோம். கல்லில் அமைந்த புகழ்ச்சிக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். உரோமாபுரியில் இன்றும் நிலைத்து நிற்கும் வெற்றி வளைவுகளையும் வெற்றித் தூணையும் கண்டு, அவற்றின் உயரத்தையும் அழகையும் வியப்பதோடு நின்றுவிடுவோர் பலர். வியப்பு திறனாய்வின் தொடக்கமேயன்றி முடிவாகாது. பேரரசர்களின் வெற்றியைச் சொல்ல எழுந்த இச்சின்னங்கள், அவர்கள் சொல்ல விரும்பாத செய்திகளையும் நமக்குச் சொல்கின்றன என்பதே இக்கட்டுரை காட்ட விழையும் கருத்தாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளும் நான்கினுள் காலத்தால் முற்பட்டது டைட்டஸ் வளைவு. வெஸ்பாசியன் பேரரசனாக இருந்த காலத்தில், கி.பி. 70-இல், அவன் மகன் டைட்டஸ் எருசலேம் நகரைக் கைப்பற்றினான். யூதர்களின் பெருங்கோயில் அழிந்தது. மறு ஆண்டு உரோமில் வெற்றி ஊர்வலம் நடைபெற்றது. கி.பி. 81-இல் டைட்டஸ் இறந்தபின் அவன் தம்பி டொமிஷியன் காலத்தில் எழுந்ததே இவ்வளைவு. உட்பக்கத்தின் ஒரு சுவரில், நான்கு குதிரை பூட்டிய தேரில் டைட்டஸ் நிற்க, வெற்றித் தெய்வம் அவனுக்கு முடி சூட்டுகிறாள். எதிர்ச் சுவரில், கோயிலிலிருந்து கவர்ந்த ஏழு கிளை விளக்குத்தண்டையும் மேசையையும் எக்காளங்களையும் வீரர்கள் தோளில் சுமந்து செல்கின்றனர்.

இவ்விரண்டு சிற்பங்களையும் ஒப்பிட்டு நோக்குவோர் ஒன்றை உணர்வர். தேர்ச் சிற்பம் சடங்கின் அமைதியோடு நிற்கிறது. விளக்கைச் சுமக்கும் சிற்பமோ நடக்கிறது. சுமையின் பாரமும் கூட்டத்தின் நெரிசலும் கல்லில் உயிர் பெற்றுள்ளன. பாட்டுடைத் தலைவனைவிட அவன் கவர்ந்து வந்த பொருளே காண்போர் நெஞ்சில் தங்கிவிடுகிறது. சிற்பியின் கை, அவனை அமர்த்தியவர் நோக்கத்தைக் கடந்து சென்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

டைட்டஸுக்கு உரோமின் பெருந்தேரோட்டக் களத்தில் மற்றொரு வளைவும் இருந்தது. வளைவு சிதைந்தது, அதன் கல்வெட்டு வாசகம் மட்டும் படியெடுக்கப்பட்டு எஞ்சியுள்ளது. அவனுக்கு முன் எந்தத் தளபதியும் அரசனும் இனமும் எருசலேமை வென்றதில்லை, பலர் முயலவும் இல்லை என்று அது முழங்குகிறது. ஆனால் உரோமத் தளபதி பாம்பே கி.மு. 63-இலேயே அந்நகரைக் கைப்பற்றியிருந்தான். தம் நாட்டு வீரன் ஒருவனின் வெற்றியையே மறைத்துத்தான் மற்றொருவனைப் புகழ முடிந்தது. மிகைப்படக் கூறுவது புகழ்ச்சியின் இயல்பு என்று இதனைப் பொறுத்துக்கொள்வதற்கில்லை. மிகை என்பது உள்ளதைப் பெருக்குவது. இது நடந்ததை இல்லையென்பது.

கி.பி. 113-இல் நிறுவப்பெற்ற டிராஜன் தூண் இவ்வகைக் கலையின் கொடுமுடி. இன்றைய ருமேனியப் பகுதியில் இருந்த டேசிய நாட்டின்மீது டிராஜன் இருமுறை போர் தொடுத்தான், முதற்போர் கி.பி. 101 முதல் 102 வரையிலும், இரண்டாம் போர் 105 முதல் 106 வரையிலும் நிகழ்ந்தன. அப்போரில் கிடைத்த பொருளைக் கொண்டு எழுந்த மன்றத்திலேயே இத்தூண் நிற்கிறது. ஏறக்குறைய 30 மீட்டர் உயரத் தண்டைச் சுற்றிக் கொடிபோல் ஏறும் சிற்பத் தொடர் ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுடையது. அதில் 2,500-க்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. வீரர்கள் மரம் வெட்டுகின்றனர், கோட்டை கட்டுகின்றனர், ஆற்றைக் கடக்கின்றனர். பேரரசன் வாள் வீசுபவனாக அன்றி, வேள்வி செய்பவனாகவும் படைக்கு உரை நிகழ்த்துபவனாகவுமே பெரும்பாலும் தோன்றுகிறான்.

இத்தொடரின் உச்சத்தில் டேசிய மன்னன் டெசபாலஸின் முடிவு அமைந்துள்ளது. உரோமக் குதிரை வீரர்கள் சூழ்ந்து வர, மரத்தடியில் அவன் தன் கழுத்தைத் தானே அரிந்துகொள்கிறான். பகைவனை இழிந்தவனாகக் காட்டியிருக்கலாம். சிற்பி அவ்வாறு செய்யவில்லை. அடிமையாக ஊர்வலத்தில் நடப்பதைவிட மடிவதே மேல் என்று துணிந்த மானத்தை மறையாது செதுக்கினான். பகைவனின் பெருமையே வென்றவனின் பெருமைக்கு அளவுகோல் என்பது உரோமர் கருத்தாகவும் இருக்கலாம். எக்காரணத்தால் ஆயினும், இன்று அக்காட்சியின்முன் நிற்பவர் உள்ளம் வீழ்பவன் பக்கமே சாய்கிறது. குறை ஒன்றும் உண்டு. மேற்சுற்றுகளின் நுட்பங்கள் தரையில் நிற்பவர் கண்ணுக்கு எட்டுவதில்லை. படிப்பவர் எட்டாத உயரத்தில் எழுதப்பட்ட காவியம் எவ்வளவு சிறப்புடையதாயினும், அதன் ஒரு பகுதி ஆட்சியின் பகட்டுக்கே உரியதாகிவிடுகிறது.

கல்லில் எழுதியது அழியாது என்பர். கி.பி. 203-இல் எழுந்த செப்டிமியஸ் செவெரஸ் வளைவு இந்நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்குகிறது. பார்த்திய வெற்றியைப் போற்றும் அவ்வளைவில் பேரரசன் பெயரோடு, அவன் மைந்தர் காரகல்லா, கேட்டா ஆகிய இருவர் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. தந்தை மறைந்த கி.பி. 211-ஆம் ஆண்டிலேயே காரகல்லா தன் தம்பியைக் கொல்வித்தான். அவன் பெயரையும் நீக்கச் செய்தான். அவ்விடத்தில் பொதுவான புகழ்மொழிகள் இட்டு நிரப்பப்பட்டன. ஆனால் பழைய வெண்கல எழுத்துகளைப் பதித்த துளைகள் கல்லில் எஞ்சின. அத்துளைகளைக் கொண்டு அறிஞர்கள் மறைக்கப்பட்ட பெயரைப் படித்தறிந்தனர். மறைத்த கையே மறைத்ததற்குச் சான்றும் விட்டுச் சென்றது.

கி.பி. 315-இல் நிறுவப்பெற்ற கான்ஸ்டன்டைன் வளைவின் நிலை வேறு. கி.பி. 312-இல் மில்வியன் பாலத்தருகே அவன் வென்ற மாக்சென்டியஸ் அயல்நாட்டான் அல்லன். உரோமை ஆண்ட உரோமனே. உடன்பிறந்தாரை ஒத்தவரோடு செய்த போரை வெற்றியாகப் பாடுவது எங்ஙனம்? கல்வெட்டு அவன் பெயரைச் சொல்லாமல் 'கொடுங்கோலன்' என்று மட்டும் குறித்து நகர்கிறது. சிற்பங்களுட் பல டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் ஆரேலியஸ் காலத்தவை. பழைய பேரரசர் முகங்கள் புதியவன் முகமாகத் திருத்தப்பட்டன. பழம்பாடலில் பெயரை மட்டும் மாற்றிப் புதிய வள்ளலிடம் பரிசில் பெறும் புலவனின் செயலை இது நினைவூட்டுகிறது. நல்லரசர் மரபோடு தன்னை இணைத்துக்கொள்ளவே இவ்வாறு செய்தான் என்று வாதிடும் அறிஞரும் உளர். அவ்வாதத்தைத் தள்ளிவிட இயலாது. ஆயினும், வளைவின் மேற்பகுதியில் டிராஜன் காலத்து டேசியக் கைதிகள் தலை தாழ்த்தி நிற்கும் காட்சியை என்னென்பது? இரு நூற்றாண்டுகளுக்கு முன் தோற்றவர்கள், தமக்குத் தொடர்பில்லாத ஓர் உள்நாட்டுப் போரின் வெற்றிக்கும் அணியாக நிறுத்தப்பட்டனர்.

டைட்டஸின் வீரர்கள் சுமந்து வந்த விளக்குத்தண்டு எங்கோ மறைந்து போயிற்று. அதன் உருவை நமக்குக் காத்துத் தந்தவற்றுள் தலையாயது, அதனைக் கவர்ந்தவர் எழுப்பிய வளைவே. 1949-இல் இஸ்ரேல் நாடு தன் அரசுச் சின்னத்தை அமைத்துக்கொண்டபோது, அவ்வளைவில் உள்ள விளக்கின் வடிவையே மேற்கொண்டது. தோல்வியை நிலைநாட்டச் செதுக்கிய உருவம், தோற்றவர் வழியினருக்கு அடையாளமாயிற்று. இதனை டைட்டஸும் டொமிஷியனும் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள்.

இச்சின்னங்களைப் பயிலும் மாணவர் அவற்றின் கலைத்திறனைப் போற்றக் கற்க வேண்டும். அதனோடு அமையாது, யார் பெயர் இல்லை, யார் முகம் மாற்றப்பட்டது, யார் தலை தாழ்ந்து நிற்கிறது என்றும் கேட்கப் பழக வேண்டும். கல்லைப் படிக்கையில் இவ்வாறு கேட்டவர், ஏட்டில் உள்ள புகழ்ச்சியைப் படிக்கும்போதும் கேட்பர். அப்பழக்கத்தை ஊட்டுவது ஆசிரியர் கடன்.