ஓடும் நிரலைத் திருத்தும் பாணிகள்

டீபக்கர் என்பது பார்ப்பதற்கு மட்டுமே என்று பலர் பழகிவிட்டார்கள். பிரேக்பாயின்ட்டில் நிரல் நிற்கும், மாறிகளின் மதிப்பைப் பார்ப்போம். தவறு புரிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி, எடிட்டருக்குப் போய்த் திருத்தி, கம்பைல் செய்து, அதே இடத்துக்கு முதலிலிருந்து வந்து சேர்வோம். நின்ற இடத்திலேயே மூலநிரலைத் திருத்தி அங்கிருந்தே தொடரும் மரபு ஒன்றும் நெடுங்காலமாக உண்டு. அதன் பாணிகளை எடைபோட இரண்டு கேள்விகள் போதும் என்பது என் எண்ணம். செய்த திருத்தம் மூலநிரலில் நிலைக்கிறதா? பாதி ஓடி நிற்கும் ஃபங்ஷன் என்ன ஆகிறது?

முதல் கேள்வியின் அருமை 1961-இலேயே தெரிந்தது. எம்ஐடியில் பிடிபி-1 கணினிக்காக உருவான டிடிடி என்ற டீபக்கர், நினைவகத்திலுள்ள கட்டளைகளை நேரே மாற்ற விட்டது. இடம் போதாவிட்டால் புதுக் கட்டளைகளைக் காலியான பகுதியில் எழுதி, அங்கே தாவித் திரும்பும்படி செய்வார்கள். நிரல் அப்போதே சரியாகும், மூலநிரலோ பழையபடியே கிடக்கும். அங்கும் மாற்ற மறந்தால், அடுத்த அசெம்பிளியில் வழு மீண்டும் முளைக்கும்.

இந்தப் பிளவை அடியோடு நீக்கியது ஸ்மால்டாக். 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பெர்க் ஆகியோரின் குழு வளர்த்த மொழி அது. தவறு நேர்ந்ததும் டீபக்கர் ஜன்னல் திறக்கும். ஒன்றையொன்று அழைத்த மெதட்கள் வரிசையாகத் தெரியும். எதைத் தேர்ந்தாலும் அதன் மூலநிரலும் அந்த நொடியில் மாறிகளின் மதிப்பும் கண்முன் இருக்கும். அங்கேயே திருத்தி ஏற்கச் சொன்னால் அந்த மெதட் மட்டும் கம்பைல் ஆகி, தன் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடக் காத்து நிற்கும். அதை அழைத்தவை அப்படியே இருக்கும். ஏற்ற மாற்றம் ஒவ்வொன்றும் தனிக் கோப்பிலும் பதிவாகும். பின்னாளில் வந்த ஸ்மால்டாக் வகைகளான ஸ்குவீக், பாரோ இரண்டிலும், இல்லாத மெதட்டை அழைத்தால் அதை உருவாக்க அங்கேயே பொத்தான் உண்டு. வந்து சேர்ந்த உண்மையான மதிப்புகளைப் பார்த்தபடி அதை எழுதலாம். நிரல் எழுதுவதில் இதைவிடத் தெளிவான நிலை எனக்குத் தெரியாது. மற்ற பாணிகளை நான் இதை வைத்தே அளக்கிறேன்.

லிஸ்ப் இதற்கு நெருங்கிய உறவு. 1994-இல் ஆன்சி தரம் பெற்ற காமன் லிஸ்ப்பில், பிழை எழுந்தவுடன் அழைப்பு வரிசை கலைவதில்லை. எப்படித் தொடரலாம் என்ற தேர்வுகளோடு நிரல் காத்து நிற்கிறது. ஈமாக்ஸ் எடிட்டரில் லிஸ்ப்புக்கான ஸ்லைம் நீட்சியை வைத்திருப்பவர் அங்கிருந்தே மூலநிரலுக்குத் தாவி, ஒரு ஃபங்ஷனை மட்டும் கம்பைல் செய்து, அதை மறுபடி ஓடச் செய்வார். கோப்பைச் சேமிப்பது அவர் பொறுப்பு.

மைக்ரோசாஃப்ட் பாணியை விஷுவல் பேசிக் பரவலாக்கியது: நிறுத்து, திருத்து, தொடர். 1998-இல் விஷுவல் சி++ 6.0 இதை எந்திர மொழிக்கே கொண்டுவந்தது. இது பெரும் சாதனை. பழைய ஃபங்ஷனில் நின்ற வரிக்குப் புதியதில் ஈடான வரியைக் கண்டுபிடித்து, மாறிகளையும் பொருத்தியாக வேண்டும். செய்ய முடியாத மாற்றங்களை அது மறுத்துவிடும். அந்த மறுப்பும் நல்ல குணமே. 2002-இல் டாட்நெட் வந்தபோது விஷுவல் பேசிக்கில் இந்த வசதி காணாமல் போய், 2005 பதிப்பில்தான் திரும்பியது.

ஜாவா 2002-இல், 1.4 பதிப்போடு, மெதட்டின் உடலை மட்டும் மாற்ற அனுமதித்தது. புது மெதட், புது ஃபீல்ட் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பு பழைய நிரலிலேயே முடியும், புதியது வேண்டுமானால் அதைக் கைவிட்டு மறுபடி நுழைய வேண்டும். குறுகிய வழிதான், ஆனால் அதன் விதி ஐயமற்றது. ஜிடிபி டீபக்கரின் எடிட் கட்டளையோ எடிட்டரைத் திறப்பதோடு சரி, ஓடும் நிரலைத் தொடாது.

இந்தப் பாணிகள் எதனாலும் ஆகாத ஒன்று உண்டு. மெதட்டை மறுபடி ஓட்டினால், அது ஏற்கெனவே செய்து முடித்தது அழியாது. கணக்கில் பணத்தைக் கழித்த பிறகு தவறு நேர்ந்திருந்தால், இரண்டாம் ஓட்டம் மறுபடியும் கழிக்கும். அதனால் தேர்ந்த ஸ்மால்டாக் நிரலர்கள் முதலில் தோற்கும் சோதனை ஒன்றை எழுதி, அது திறக்கும் டீபக்கரிலேயே தேவையான மெதட்களை எழுதி முடிப்பார்கள். பிறகு சோதனைகள் அனைத்தையும் புதிய தொடக்கத்திலிருந்து ஒருமுறை ஓட்டுவார்கள்.