முன்கையும் பியானோ வாசிக்கும்

பியானோ கலைஞர் ஒருவரின் தெம்பைச் சோதிக்க வேண்டுமா? 'ஒன்றுபட்ட மக்கள் ஒருபோதும் தோற்பதில்லை' என்ற படைப்பை அவர் முன்னால் வைத்தால் போதும். ஒரு மெட்டு, அதன் மேல் 36 வேரியேஷன்கள், அதாவது அதே மெட்டின் மாறுபட்ட வடிவங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம், இடைவேளை கிடையாது. நடுவில் விசில் அடிக்க வேண்டும், பியானோ மூடியை ஓங்கிச் சாத்த வேண்டும். அந்த ஓசை அடங்குவதற்குள் கைகள் அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

இதை 1975இல் எழுதியவர் ஃபிரெடரிக் ஜெவ்ஸ்கி. ஊருக்குக் கடினமாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கி நின்றவர் அல்ல. இசையமைப்பாளராகப் பேர் வாங்கும் முன்பே, ஐரோப்பாவின் நவீன இசை மேடைகளில் யாரும் தொடத் தயங்கிய படைப்புகளை வாசித்துக் காட்டியவர். அவர் எழுதிய இசையின் வலு அந்த வாசிப்பில்தான் பிறந்தது.

1938இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். ஹார்வர்டிலும் பிரின்ஸ்டனிலும் படித்துவிட்டு, 1960இல் இத்தாலிக்குப் போய் இசையமைப்பாளர் லூய்ஜி டல்லபிக்கோலாவிடம் பயின்றார். பட்டங்களைவிட அவரை அடையாளம் காட்டியது 1962 அக்டோபரில் சிசிலித் தீவின் பலெர்மோவில் நடந்த ஒரு கச்சேரி. ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் பத்தாவது பியானோப் படைப்பின் முதல் அரங்கேற்றம் அது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை ஒரே அமுக்கில் அழுத்துவது போதாது, அந்தக் கொத்தை அப்படியே கட்டைகளின் மேல் சறுக்கிக்கொண்டே போகவும் வேண்டும். தோல் உரியாமல் இருக்க விரல்நுனி வெட்டிய கையுறை மாட்டிக்கொண்டு வாசிக்கிற வழக்கமே இந்தப் படைப்பால் வந்தது. பியானோ கலைஞர் டேவிட் டியூடர் அரங்கேற்றுவதாக இருந்தது, வாசிக்கும் வாய்ப்பு 24 வயது ஜெவ்ஸ்கிக்குப் போனது.

பியானோ என்பது பத்து விரல்களின் சமாச்சாரம் மட்டுமல்ல, தோளும் முழங்கையும் முதுகும் சேர்ந்து வாசிக்கிற கருவி என்பதை அவர் உடம்பு அப்போதே கற்றுக்கொண்டுவிட்டது. 1966இல் ரோம் நகரில் ஆல்வின் கரன், ரிச்சர்ட் டைட்டல்பாம் ஆகியோருடன் 'மியூசிக்கா எலெட்ரானிக்கா விவா' இசைக்குழுவைத் தொடங்கியபோது, எழுதி வைக்காத இசையை மேடையிலேயே உருவாக்கும் பழக்கமும் சேர்ந்தது. இந்த இரண்டு பயிற்சிகளும் இல்லாவிட்டால் பின்னால் வந்த பெரிய படைப்புகள் வந்திருக்காது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1979இல் எழுதிய 'வின்ஸ்பரோ பஞ்சாலை ப்ளூஸ்'. தென் கரோலினா ஆலைத் தொழிலாளர்களின் பாட்டை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் தொடக்கத்தில் பாட்டைத் தேடினால் கிடைக்காது. பியானோவின் இடது கோடியில், காதுக்குச் சுரமாகவே பிரிந்து தெரியாத கனத்த ஒலிகளை இரண்டு கைகளும் மாற்றி மாற்றித் தட்டுகின்றன. மெல்லத் தொடங்கி, நிறுத்தாமல். ஓசை ஏற ஏற விரல் போய் உள்ளங்கை வருகிறது, பிறகு முன்கை முழுவதும் கட்டைகளின் மேல் படுத்து எழுகிறது. தறிக்கூடம் ஓடுகிறது! அந்த இரைச்சல் தணிந்த பிறகுதான் ப்ளூஸ் மெட்டு தலைகாட்டுகிறது.

இதில் எழுதியவரின் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது? ஒரே தாளத்தை விரலாலேயே உரக்க அடித்துக்கொண்டிருந்தால் மணிக்கட்டு இறுகிப்போகும். சத்தம் கூடும் இடத்தில் வேலையை முன்கைக்கு மாற்றினால், எடை தோளிலிருந்து இறங்கும். பார்ப்பவருக்கு முரட்டுத்தனம், வாசிப்பவருக்கு மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு வழி. மேசையில் உட்கார்ந்து மட்டும் எழுதுகிற ஒருவருக்கு இது தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

'ஒன்றுபட்ட மக்கள்' இதே அறிவின் பெரிய வடிவம். மூலப் பாட்டு, சிலி நாட்டு இசையமைப்பாளர் செர்கியோ ஒர்டேகா 1973இல் கிலாபயுன் இசைக்குழுவுடன் சேர்ந்து உருவாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு அதிபர் அயெந்தேயின் அரசு ராணுவத்தால் கவிழ்க்கப்பட்டது. நாடுகடந்தவர்களோடு பாட்டும் உலகமெங்கும் போனது. பீத்தோவனின் டயபெல்லி வேரியேஷன்களோடு சேர்த்து வாசிக்க ஒரு படைப்பு வேண்டும் என்று பியானோ கலைஞர் ஊர்சுலா ஆப்பன்ஸ் கேட்க, ஜெவ்ஸ்கி இந்த மெட்டை எடுத்தார். 1976 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டன் கென்னடி மையத்தில் ஆப்பன்ஸ் அதை அரங்கேற்றினார்.

ஆறு ஆறாகப் பிரித்த அமைப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் ஆறாவது வேரியேஷன், முந்தைய ஐந்தையும் துண்டு துண்டாகத் திரும்பக் கொண்டுவரும். கடைசிக் கட்டம் முழுவதும் முந்தைய ஐந்து கட்டங்களின் தொகுப்பு. கணக்கு மிக இறுக்கமானது. அப்படி இறுக்கிக் கட்டியவர், மெட்டு கடைசியாகத் திரும்பும் முன்பு கதவைத் திறந்துவிடுகிறார். அந்த இடத்தில் வாசிப்பவர் விரும்பினால் சில நிமிடங்கள் தன் சொந்த மனோதர்மத்தில் வாசிக்கலாம். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் வாசித்துக் களைத்த கலைஞரிடம் 'இப்போது உன் கற்பனையைக் காட்டு' என்று கேட்பது கொடுமையல்லவா என்று தோன்றலாம். எனக்கு அது மரியாதையாகவே படுகிறது. வாசிப்பவரைக் கூலியாளாக நினைக்காத ஒருவரால்தான் அந்த இடத்தைக் காலியாக விட முடியும்.

1992இல் எழுதிய 'டி ப்ரொஃபண்டிஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆஸ்கர் வைல்டு சிறையிலிருந்து எழுதிய கடிதத்தின் பகுதிகளைப் பியானோ கலைஞரே பேசிக்கொண்டு வாசிக்க வேண்டும். இடையிடையே பாடுவதும், பெருமூச்சு விடுவதும், தன் உடம்பையே தட்டித் தாளம் போடுவதும் உண்டு. இசைப்பள்ளியில் யாரும் சொல்லித்தராத வேலை. கூச்சம் உள்ளவர் இதைத் தொட முடியாது.

எல்லாப் படைப்புகளும் இந்த உயரத்தில் இல்லை. பல ஆண்டுகள் எழுதிய 'தி ரோடு' மணிக்கணக்கில் நீளும் பியானோத் தொடர். அதில் கத்தரிக்கோல் போட வேண்டிய பக்கங்கள் ஏராளம். விடாமல் எழுதுகிறவருக்கு இது நேர்வதுதான். அவர் பிழைப்பும் பெரிய அரங்குகளை மட்டும் நம்பி இருக்கவில்லை. 1977 முதல் 2003 வரை பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஆசிரியர். தன் நோட்டுப் பிரதிகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே விட்டார். 2015இல் பிட்ஸ்பர்க் நகரத்து மீன் கடை ஒன்றில் உட்கார்ந்து 'ஒன்றுபட்ட மக்கள்' முழுவதையும் வாசித்தார். 2021 ஜூனில் இத்தாலியில் காலமானார்.

'ஒன்றுபட்ட மக்கள்' பதிவுகளில் எதைக் கேட்பது? துல்லியம் வேண்டுபவர்களுக்கு மார்க்-ஆந்த்ரே ஹாம்லின். அவர் கையில் கடினம் என்பதே தெரியாது, அதுவே ஒரு குறையாகவும் படும். ஜெவ்ஸ்கியே வாசித்த பதிவுகள் கரடுமுரடானவை. விரல்கள் அங்கங்கே இடறினாலும் மெட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கூட்டம் சேர்ந்து நடக்கிற கனம் அதில் இருக்கிறது. ஈகோர் லெவிட் 2015இல் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்கள், பீத்தோவனின் டயபெல்லி இரண்டுக்கும் பக்கத்தில் இதை வைத்து மூன்று குறுந்தகடுகளாக வெளியிட்டார். மறு ஆண்டு கிராமஃபோன் இதழின் சிறந்த பதிவு விருது அதற்குக் கிடைத்தது. நேரம் இருப்பவர்கள் டயபெல்லி முடிந்த கையோடு ஜெவ்ஸ்கியைப் போட்டுக் கேட்கட்டும். ஆப்பன்ஸ் அன்று கேட்ட ஜோடி அதுதான், பீத்தோவனுக்குப் பின்னால் வந்தும் இது சிறுத்துப் போவதில்லை.